மலேமே: 107-ஆம் குன்று கைமாறிய இரவு

1941 மே 21. விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், மலேமே விமானத்தளத்து ஓரத்தில், முந்தின நாள் முழுக்கச் சண்டை போட்டுக் களைத்த நியூசிலாந்துச் சிப்பாய்கள் பூட்ஸைக் கழற்றுகிறார்கள். நாடாக்களை முடிந்து கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். காலடிச் சத்தம் கேட்கக்கூடாது. இருட்டில் சுற்றிலும் குறட்டை விட்டுத் தூங்குகிறவர்கள் ஜெர்மானியர்கள். அவர்களுக்கு நடுவே நடந்துதான் வெளியேற வேண்டும்.

இவர்கள் 22-ஆவது பட்டாலியன் என்ற படையணியில் ஒரு பிரிவான சி கம்பெனிக்காரர்கள். காலையில் நூற்றுச் சொச்சம் பேராக இருந்தார்கள். மேற்கு விளிம்பு பறிபோயிருந்தாலும் ஓடுதளத்தின் மிச்சப் பக்கங்களை விடாமல் பிடித்திருந்தார்கள். ராத்திரியில் குன்றின் மேலிருந்த பட்டாலியன் தலைமையிடத்தைத் தேடி ஆள் போனபோதுதான் விஷயம் தெரிந்தது: அங்கே நம்மவர் ஒருவரும் இல்லை. பட்டாலியன் பின்வாங்கிப் போய்விட்டது. இவர்களுக்குச் சொல்ல வந்த தகவல் இவர்களிடம் வந்து சேரவே இல்லை.

கிரீட் போரைப் பற்றி எத்தனையோ கோணங்களில் எழுதிவிட்டார்கள். நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது இந்த ஒரு இடத்தில்தான். அன்று மலேமேயில் இருந்த இரண்டு தரப்பும், தாங்கள் தோற்றுக்கொண்டிருப்பதாகவே நினைத்தன. ஒரு தரப்பு எழுந்து போனது. மறுதரப்பு காலையில் கண் விழித்தபோது குன்று அதன் கையில் இருந்தது.

இடமும் ஏற்பாடும்

ஹானியா நகரத்திலிருந்து மேற்கே சுமார் 16 கிலோமீட்டரில், கடலை ஒட்டி இருக்கிறது மலேமே. ஓடுதளத்துக்கு வடக்கே கடல். மேற்கே தவ்ரோனிடிஸ் ஆறு. மே மாதத்தில் அது பெரும்பாலும் கூழாங்கல்லும் நாணலும்தான். தெற்கே ஆலிவ் தோப்பும் திராட்சைத் தோட்டமுமாகப் படிப்படியாக ஏறுகிற ஒரு குன்று. உயரம் 107 மீட்டர் என்பதால் ராணுவ வரைபடத்தில் அதன் பெயரே 107. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் ஓடுதளம் உள்ளங்கை மாதிரித் தெரியும். குன்று யார் கையில் இருக்கிறதோ, தளமும் அவர்கள் கையில்.

1941 ஏப்ரலில் கிரேக்க நாட்டின் பெருநிலத்தை ஜெர்மனி பிடித்துவிட்டது. அங்கிருந்து தப்பிய பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளில் பெரும்பகுதி கிரீட்டில் வந்து இறங்கியது. உயிரோடு வந்தார்கள், தளவாடம் இல்லாமல் வந்தார்கள். லாரி, பீரங்கி, எல்லாவற்றுக்கும் மேலாக வயர்லெஸ் கருவிகள் கிரேக்கக் கரையிலேயே போய்விட்டன. இந்த வயர்லெஸ் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; அப்புறம் தேவைப்படும்.

தீவின் தளபதி நியூசிலாந்தின் மேஜர் ஜெனரல் பெர்னார்ட் ஃப்ரைபர்க். ஜெர்மானியரின் ரகசியக் குறியீட்டுச் செய்திகளை பிரிட்டிஷார் உடைத்துப் படித்துக்கொண்டிருந்ததால், தாக்குதல் வானத்திலிருந்து வரும் என்பதும், குறி மலேமே, ரெதிம்னோ, ஹெராக்லியோன் என்ற மூன்று விமானத்தளங்கள் என்பதும் அவருக்கு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் அவருடைய ஒரு கண் கடைசிவரை கடல்மேலேயே இருந்தது. கப்பலில் ஒரு படை வந்து இறங்கும் என்ற பயம் அவரை விடவில்லை. செய்திகளை அவர் தப்பாகப் படித்தாரா, ரகசியம் வெளியாகிவிடும் என்பதால் அவர் கை கட்டப்பட்டிருந்ததா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள்.

மலேமேயைக் காக்கும் பொறுப்பு லெப்டினன்ட் கர்னல் லெஸ்லி ஆண்ட்ரூவின் 22-ஆவது பட்டாலியனுக்கு. முதல் உலகப் போரில், 1917-இல் விக்டோரியா கிராஸ் என்ற மிக உயர்ந்த பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வாங்கியவர் ஆண்ட்ரூ. துணிச்சல் இல்லாத ஆள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. கையில் இருந்த அறுநூற்றுச் சொச்சம் பேரைக் குன்று, ஓடுதளம், ஆற்றோரம், கிழக்கே பிர்கோஸ் கிராமம் என்று பரப்பி நிறுத்தினார். ஆற்றின் மேற்குக் கரையில் நிறுத்த ஆள் இல்லை. மேற்கு யாரும் இல்லாத காலி இடமாகக் கிடந்தது. தளத்தில் மிஞ்சியிருந்த சில விமானங்களும் மே 19 அன்று எகிப்துக்குப் போய்விட்டன. விமானம் இல்லாத ஓடுதளத்தை உழுது போட்டிருக்கலாம், கண்ணி வைத்திருக்கலாம். பிறகு நமக்கே தேவைப்படும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

மே 20, பகல்

காலையில் குண்டுவீச்சு. பல நாளாக அது வழக்கமாகிவிட்டது; முடிந்ததும் சாப்பிடப் போவார்கள். அன்றைக்கு மட்டும் அடி ஓயவில்லை. எட்டு மணி வாக்கில், எழும்பிய புழுதி அடங்குவதற்குள், எஞ்சின் சத்தமே இல்லாமல் கிளைடர்கள் ஆற்றுப்படுகையில் வந்து மோதி இறங்கின. பின்னாலேயே யுங்கர்ஸ்-52 விமானங்கள் தாழப் பறந்து பாராசூட் வீரர்களை உதிர்த்தன.

ஜெர்மன் பாராசூட் வீரனின் பெரிய பலவீனம் ஒன்று உண்டு. அவன் குதிக்கும்போது இடுப்பில் கைத்துப்பாக்கி, கையெறி குண்டு, கத்தி, அவ்வளவுதான். துப்பாக்கிகள் தனிப் பெட்டியில், தனி பாராசூட்டில் இறங்கும். பெட்டி எங்கோ, ஆள் எங்கோ. அவனுடைய பாராசூட்டின் கயிறு முதுகில் ஒரே இடத்தில் சேர்வதால் திசை திருப்பவும் முடியாது. காற்று போன பக்கம் போக வேண்டியதுதான். மேஜர் ஷெர்பரின் பட்டாலியன், ஆள் இல்லாத இடம் என்று நினைத்துத் தளத்துக்குக் கிழக்கே குதித்தது. கீழே ஆலிவ் மரங்களுக்கு அடியில் நியூசிலாந்தின் 21, 23-ஆவது பட்டாலியன்கள் இருந்தன. சுமார் 600 பேரில் மூன்றில் இரண்டு பங்கு செத்துப்போனார்கள், ஷெர்பரும் சேர்த்து. மரக்கிளைகளில் பாராசூட்டோடு தொங்கியபடியே இறந்தவர்கள் பலர்.

மேற்கே கதை வேறு. காலியாகக் கிடந்த அக்கரையில் இறங்கியவர்கள் நிதானமாகப் பெட்டிகளைத் திறந்து, ஆயுதம் எடுத்து, அணி சேர்ந்தார்கள். இங்கே இறங்கிய ஜெர்மன் தாக்குதல் ரெஜிமெண்டின் தளபதி மைண்டல் முதல் நாளே படுகாயம் அடைந்தார். இருந்தாலும் அவருடைய ஆட்கள் தவ்ரோனிடிஸ் பாலத்தைத் தாண்டி, பாலத்தடியில் இருந்த பிரிட்டிஷ் விமானப்படை முகாமுக்குள் புகுந்துவிட்டார்கள். குன்றின் மேற்குச் சரிவை அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துத் தின்ன ஆரம்பித்தார்கள்.

ஆண்ட்ரூவின் மாலை

இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். குண்டுவீச்சில் தொலைபேசிக் கம்பிகள் எல்லாம் அறுந்துவிட்டன. கம்பெனிகளோடு பேச வயர்லெஸ் கிடையாது. செய்தி கொண்டு ஓடுகிறவர்கள் பலர் திரும்பவில்லை. குன்றின் மேலிருந்த ஆண்ட்ரூவுக்கு, ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் தன் சொந்தக் கம்பெனிகளின் நிலை தெரியவில்லை. சி கம்பெனி இருக்கிறதா? ஆற்றோரத்து டி கம்பெனி? பிர்கோஸில் இருந்த தலைமையகக் கம்பெனி? டி கம்பெனியிலிருந்து வழி தவறி வந்த ஒருவர், மொத்தக் கம்பெனியும் அழிந்துவிட்டது என்று சொன்னார். அது உண்மையில்லை. அதைச் சரிபார்க்க ஆண்ட்ரூவுக்கு வழியும் இல்லை.

உதவி வேண்டும் என்பதற்கு முன்பே பேசி வைத்த அடையாளம் ஒன்று இருந்தது: வெள்ளை, பச்சை, வெள்ளை என வானத்தில் ஒளிக்குண்டு. அதைச் சுட்டார். புழுதியிலும் புகையிலும் 23-ஆவது பட்டாலியன் கண்ணில் அது படவில்லை. இந்தப் பட்டாலியன்கள் சேர்ந்த பிரிகேடின் தளபதியும் தன் மேலதிகாரியுமான ஜேம்ஸ் ஹார்கெஸ்டிடம் வயர்லெஸில் கேட்டார். 23-ஆவது பட்டாலியனே சண்டையில் மாட்டியிருக்கிறது என்று பதில் வந்தது. ஆனால் அந்தப் பட்டாலியன் தன் பகுதியில் இறங்கியவர்களை அதற்குள் பெருமளவு தீர்த்துக்கட்டிவிட்டிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு மேல், கையிருப்பில் இருந்த இரண்டு மட்டில்டா டாங்கிகளை இறக்கினார். ஒரு டாங்கியின் குண்டுகள் அதன் பீரங்கிக்குள்ளேயே நுழையவில்லை, கோபுரமும் சுழலவில்லை. அது திரும்பிவிட்டது. இன்னொன்று பாலத்துக்கு அடியில் ஆற்றுக்குள் இறங்கி, ஜெர்மானியரைச் சிதற அடித்து, கடைசியில் பாறாங்கற்களில் வயிறு தட்டி நின்றுவிட்டது. கூடப் போன பிளாட்டூனில் திரும்பி வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதன் பிறகுதான், பின்வாங்க வேண்டியிருக்கும் என்று ஆண்ட்ரூ ஹார்கெஸ்டிடம் சொன்னார். வேண்டுமானால் செய்யுங்கள் என்கிற மாதிரி பதில் கிடைத்தது. இரண்டு கம்பெனிகளை அனுப்புவதாகவும் ஹார்கெஸ்ட் சொன்னார். அவை சீக்கிரம் வந்து சேரவில்லை. இருட்டியதும் ஆண்ட்ரூ முதலில் பக்கத்து மேட்டுக்கு நகர்ந்தார். விடிந்தால் 107-இலிருந்து அந்த மேட்டை அடித்து நொறுக்கிவிடுவார்கள் என்று புரிந்ததும், மிச்சமிருந்தவர்களோடு கிழக்கே இருந்த பட்டாலியன்களிடம் போய்விட்டார். சி, டி கம்பெனிகளும் பிர்கோஸ்காரர்களும் தங்கள் இடத்திலேயே நின்றார்கள், சேதி தெரியாமல்.

அந்த ராத்திரி ஜெர்மானியர் பக்கம் எப்படி இருந்தது? ஏதென்ஸில் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்திருந்தார் படையெடுப்பின் சூத்திரதாரி கர்ட் ஸ்டூடெண்ட். நான்கு இடங்களில் ஆட்களை இறக்கியிருந்தார். ஒரு விமானத்தளம்கூடக் கைக்கு வரவில்லை. அவருடைய டிவிஷன் தளபதி ஸுஸ்மன், கிளைடர் நொறுங்கிக் கிரீட்டுக்கு வந்து சேரும் முன்பே இறந்துவிட்டார். மலேமேயில் மிஞ்சியவர்களிடம் தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. அன்று ராத்திரி பலமான எதிர்த்தாக்குதல் வந்திருந்தால் தாங்கியிருக்க முடியாது என்று பின்னாளில் ஸ்டூடெண்டே ஒப்புக்கொண்டார். ரெஜிமெண்டின் டாக்டர் நோய்மன் ஒரு சிறு குழுவோடு குன்றின் மேல் ஏறிப் போனார். தடுக்க அங்கே ஆள் இல்லை.

மறுநாள்

21-ஆம் தேதி காலையில் ஸ்டூடெண்ட், கேப்டன் க்ளையே என்ற விமானியை ஒரே ஒரு விமானத்தோடு மலேமேக்கு அனுப்பினார். இறங்கிப் பார், முடிந்தால் எழும்பி வா. அவர் ஓடுதளத்தில் இறங்கினார். சூடு விழுந்தது, ஆனால் குன்றிலிருந்து விழவில்லை. எழும்பித் திரும்பிவிட்டார். அது போதும். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் மலைப்படை வீரர்களை ஏற்றிய விமானங்கள் வரிசையாக வரத் தொடங்கின. தூரத்திலிருந்து நியூசிலாந்துப் பீரங்கிகள் சுட்டன. அவற்றில் சில இத்தாலியரிடம் பிடித்த பழைய பீரங்கிகள், குறிபார்க்கும் கருவிகூடச் சரியாக இல்லாதவை. விமானங்கள் எரிந்தன, ஒன்றின் மேல் ஒன்று மோதின. எரிந்த கூடுகளை, பிடிபட்ட பிரிட்டிஷ் கவச வண்டியைக் கொண்டே ஓரத்துக்கு இழுத்துத் தள்ளிவிட்டு, அடுத்ததை இறக்கினார்கள்.

அன்று பகல் முழுவதும் ஹார்கெஸ்ட் எதிர்த்தாக்குதல் நடத்தவில்லை. அன்று ராத்திரிக்கு என்று திட்டம் போட்டார்கள். அதிலும், கடற்கரையைக் காத்துக்கொண்டிருந்த 20-ஆவது பட்டாலியன் நகர வேண்டுமென்றால் அந்த இடத்துக்கு ஓர் ஆஸ்திரேலியப் பட்டாலியன் முதலில் வந்து சேர வேண்டும் என்று நிபந்தனை. கடல்வழியாக வரும் படையைப் பற்றிய அதே பயம். ஆஸ்திரேலியர்களின் லாரிகள் வழியில் குண்டுவீச்சில் சிக்கித் தாமதமாயின. கொடுமை என்னவென்றால், ஜெர்மானியர் மலேமேக்கு அனுப்பிய மீன்பிடிப் படகுக் கூட்டத்தை அதே இரவில் பிரிட்டிஷ் கடற்படை நடுக்கடலிலேயே சிதறடித்தது. அந்த வெளிச்சம் கரையிலிருந்தே தெரிந்தது. ஆனாலும் பட்டாலியன் காத்திருந்தது.

அதிகாலை மூன்றரை மணிக்குத்தான் 20-ஆவது பட்டாலியனும் நியூசிலாந்துப் பூர்வகுடிகளான மவோரிகளின் 28-ஆவது பட்டாலியனும் கிளம்பின. வீடு வீடாக, தோப்பு தோப்பாகச் சண்டை. இரண்டாம் லெப்டினன்ட் சார்லஸ் அப்ஹம் இயந்திரத் துப்பாக்கிக் குழிகளைக் கையெறி குண்டோடு ஊர்ந்துபோய் அடக்கினார். அவருடைய முதல் விக்டோரியா கிராஸுக்கு இந்தக் காலையும் காரணம். தளத்தின் விளிம்பு வரை போனபோது விடிந்துவிட்டது. விடிந்தால் வானம் ஜெர்மானியருடையது. திரும்பினார்கள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக முடிந்தது. கலாடாஸ் கிராமத்தில் கடும் சண்டை, வெள்ளை மலைகளைத் தாண்டி ஸ்ஃபாகியா துறைமுகம் வரை நடை, ஜூன் 1-இல் மிச்சப் பேர் சரண். தீவில் நியூசிலாந்துக்கு மட்டும் 671 பேர் சாவு, 2,180 பேர் கைதி. பிரிட்டிஷ் கடற்படை மூன்று க்ரூசர்களையும் ஆறு டெஸ்ட்ராயர்களையும் இழந்தது. ஜெர்மானியர் கொடுத்த விலையைப் பார்த்து, இவ்வளவு பெரிய பாராசூட் படையெடுப்பே இனி வேண்டாம் என்று ஹிட்லர் முடிவெடுத்தார்.

யார் மேல் பிழை

ஆண்ட்ரூ மேல் பழி போடுவது சுலபம். குன்றை விட்டது அவர்தானே. ஆனால் அந்தக் குன்றில், அந்தப் புழுதியில், ஒரு கம்பெனியின் குரலும் கேட்காமல், உதவி வராது என்று மேலிடமே சொன்ன பிறகு, அவர் இடத்தில் நின்று பார்த்தால் அவர் முடிவு புரிகிறது. தப்பான முடிவுதான். தெரிந்ததை வைத்து எடுத்த தப்பான முடிவு.

என் கணக்கில் பெரிய பிழை ஹார்கெஸ்டுடையது. சில கிலோமீட்டர் தள்ளி பிளாட்டானியாஸ் பக்கம் இருந்தார். அன்று முழுவதும் ஒரு முறைகூட முன்னால் போய்த் தன் கண்ணால் பார்க்கவில்லை. கையில் மூன்று நல்ல பட்டாலியன்கள் சும்மா இருந்த நேரத்தில் இரண்டு கம்பெனிகளை மட்டும் அனுப்பினார். அதில் மவோரி கம்பெனி இருட்டில் நெடுந்தூரம் நடந்து தளத்தை நெருங்கியது. அங்கே இன்னும் சி கம்பெனி நிற்கிறது என்று அதற்கும் தெரியாது. திரும்பிப் போய்விட்டது. சில நூறு அடி இடைவெளியில் இரண்டு கம்பெனிகள் இருட்டில் ஒன்றையொன்று தவறவிட்டன. இந்தப் போர் எங்கே தோற்றது என்று என்னைக் கேட்டால், நான் அந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

ஊர்க்காரர்கள்

விமானத்தளச் சண்டை என்று மட்டும் எழுதினால் கிரீட் மக்கள் விடுபட்டுப் போவார்கள். கிழவர்களும் பெண்களும்கூட வேட்டைத் துப்பாக்கி, அரிவாள், கத்தி என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்து பாராசூட் வீரர்களோடு மோதினார்கள். தங்கள் தோட்டத்தில் வந்து குதித்தவனை அவர்கள் வேறெப்படி நடத்துவார்கள்?

அதற்கான பழிவாங்கலுக்கு ஸ்டூடெண்ட் உத்தரவிட்டார். ஜூன் 2 அன்று, மலேமேக்கு அருகிலேயே இருக்கும் கொண்டோமாரி கிராமத்தின் ஆண்களைத் திரட்டி, ஆலிவ் தோப்புக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். ஜெர்மன் ஆவணம் 23 பேர் என்கிறது. அதைவிட அதிகம் என்பவர்கள் உண்டு. அதை ஜெர்மன் ராணுவப் புகைப்படக்காரரான ஃப்ரான்ஸ் பீட்டர் வைக்ஸ்லர் அடுத்தடுத்துப் படமெடுத்தார். சுடுவதற்கு முன், சுடும்போது, சுட்ட பின். அந்தப் படங்கள் பிழைத்துவிட்டன. மறுநாள் கண்டானோஸ் கிராமத்தைக் கொளுத்தி, சுமார் 180 பேரைக் கொன்று, இனி இந்த ஊர் மறுபடி கட்டப்படாது என்று பலகை நட்டார்கள். ஊர் மறுபடி கட்டப்பட்டது. அந்தப் பலகையின் வாசகத்தை ஊர்க்காரர்களே கல்லில் நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

போருக்குப் பின் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் ஸ்டூடெண்டுக்கு 5 ஆண்டு தண்டனை விதித்தது. அந்தத் தீர்ப்பு உறுதி செய்யப்படவில்லை. கொண்டோமாரிக்காக அவர் ஒரு நாளும் சிறையில் கழிக்கவில்லை.

குன்றின் மேல் இன்று

ஒவ்வொரு ஆண்டும் மே மூன்றாம் வாரத்தில் ஹானியா பகுதியில் நினைவு நிகழ்ச்சிகள் நடக்கின்றன. சூடா விரிகுடாவின் ஓரத்தில், ஆலிவ் மரங்களுக்கு நடுவே காமன்வெல்த் கல்லறைத் தோட்டம். 1,500 கல்லறைகளில் பாதிக்கு மேல் பெயர் தெரியாதவர்களுடையவை. நியூசிலாந்து, ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், கிரேக்கப் பிரதிநிதிகள் அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். கலாடாஸில் தனியாக ஒரு நிகழ்ச்சி. தவ்ரோனிடிஸ் பாலத்தருகே பிரிட்டிஷ் விமானப்படையின் 30, 33-ஆவது ஸ்குவாட்ரன்களுக்கு ஒரு சின்னம். ஓடுதளமும் அங்கேயே இருக்கிறது. சின்ன விமானங்கள் பறக்கின்றன.

107-ஆம் குன்றின் மேல் இருப்பது ஜெர்மன் கல்லறைத் தோட்டம். 4,400-க்கும் மேற்பட்டவர்கள், நான்கு பகுதிகளாக: மலேமே, ஹானியா, ரெதிம்னோ, ஹெராக்லியோன். நிமிர்ந்து நிற்கும் கற்கள் கிடையாது. தரையோடு படுத்த சதுரக் கற்கள், ஒரு கல்லுக்கு இரண்டு பெயர். பிறந்த ஆண்டைப் பார்த்துக்கொண்டே போனால் 1920, 1921, 1922 என்று வந்துகொண்டே இருக்கும். எலும்புகளைச் சேகரித்த பின் பல வருடம் கோனியா மடாலயத்தில் பெட்டிகளில் வைத்திருந்தார்கள். 1974 அக்டோபரில்தான் தோட்டம் திறக்கப்பட்டது. ஆண்ட்ரூவின் ஆட்கள் குழி தோண்டியிருந்த சரிவில், எதிரே அதே கடல், கீழே அதே தளம்.

எந்தக் குன்றை விட்டதால் தீவு போனதோ, அந்தக் குன்றில் அதைக் காத்தவர்களுக்குக் கல் இல்லை, தாக்கியவர்களுக்கு இருக்கிறது. எனக்கு முதலில் இது உறுத்தியது. கொண்டோமாரிக்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் இன்னும் உறுத்துகிறது. பத்தொன்பது வயதில் மரத்தில் தொங்கிச் செத்தவனையும், தோப்பில் துப்பாக்கியோடு வரிசையில் நின்று சுட்டவனையும் கல்லை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே போகிறவர்கள் அப்படியே காரில் கொண்டோமாரி வரை போய், அங்குள்ள பெயர்களையும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் தோட்டத்தை ஆரம்ப காலத்தில் பராமரித்தவர்கள் இரண்டு கிரீட்காரர்கள். ஒருவர் மனோலிஸ் பாதெராகிஸ்; 1944-இல் ஜெர்மன் ஜெனரல் க்ரைபெயைக் கடத்திய குழுவில் இருந்தவர். இன்னொருவர் யோர்கோஸ் ப்ஸிகுண்டாகிஸ். ஆசி கோனியா என்ற மலைக்கிராமத்து ஆடு மேய்ப்பவர். ஆக்கிரமிப்புக் காலம் முழுவதும் எதிர்ப்பியக்கத்துக்காகக் கடிதங்களைச் சுமந்து மலை மலையாக ஓடியவர். போர் முடிந்ததும், ராணுவத்திலிருந்து ஓடிப்போனவர் என்று சொல்லி அவரையே சிறையில் போட்டார்கள்.

கிரீட்டின் ஜெர்மன் தளபதியாக இருந்த ப்ரூனோ ப்ராயரைப் போர்க்குற்றத்துக்காக ஏதென்ஸில் 1947 மே 20 அன்று சுட்டுக் கொன்றார்கள். படையெடுப்பின் ஆறாம் ஆண்டு நிறைவு நாள் அது. பின்னாளில் பழைய ஜெர்மன் பாராசூட் வீரர்கள் கேட்டுக்கொண்டதால் அவருடைய எலும்புகள் மலேமேக்குக் கொண்டுவரப்பட்டன. 107-ஆம் குன்றில் அவரை மண்ணில் வைத்துப் புதைத்தவர் ப்ஸிகுண்டாகிஸ்.